பொதுப் புவியியல் தரவுக்கும் நிரலுக்கும் உரிமம் இடும்போது

பொதுநலனுக்காகத் தொகுத்த வரைபடத் தரவை வெளியிடும் முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி, புவித்தகவல் துறையில் பணிபுரியும் என்னிடம் அமைப்புகள் கோப்புறைகளை அனுப்புவதுண்டு. அவற்றைத் திறந்ததும், உரிமக் கோப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது. ரீட்மீ என்ற விளக்கக் கோப்பின் கடைசியில் “யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்” என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். எழுதியவரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் தரவைத் திருத்தி மறுவெளியீடு செய்யலாமா, விற்பனைக்குரிய செயலியில் சேர்க்கலாமா, மூலத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டுமா என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்த வரியில் விடை கிடையாது. உரிமம் தெளிவாக இல்லாத படைப்பில் எல்லா உரிமைகளும் படைத்தவரிடமே இருப்பதாகத்தான் பதிப்புரிமைச் சட்டம் கொள்ளும். அதனால், சட்டத்தை மதிக்கும் பயனர்தான் அந்தத் தரவைத் தொடாமல் விலகிப் போகிறார்.

புவியியல் தரவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கிணறு எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பது வெறும் உண்மை. உண்மைக்குப் பதிப்புரிமை கிடையாது. தொலைபேசிப் பட்டியல் ஒன்றைப் பற்றிய ஃபைஸ்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் இதையே உறுதிசெய்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 1996இல் கொண்டுவந்த தரவுத்தள நெறியாணையின் வழியாக, பெருமுயற்சியில் தொகுத்த தரவுத்தளத்துக்கு 15 ஆண்டுகள் நீடிக்கும் தனி உரிமையை வழங்கியது. ஆக, ஒரே கோப்பு ஓரிடத்தில் யாரையும் கேட்காமல் பயன்படுத்தக்கூடியதாகவும் வேறோரிடத்தில் அனுமதி பெற வேண்டியதாகவும் இருக்கிறது. கட்டுரைக்கும் ஒளிப்படத்துக்கும் எழுதப்பட்ட உரிமத்தைத் தரவுக்கு அப்படியே இடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 2004இல் தொடங்கிய அத்திட்டம், படைப்புகளை மனத்தில் வைத்து, ஆயத்த உரிமங்களை எழுதித் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அமைப்பு எழுதிய பிஒய்-எஸ்ஏ 2.0 உரிமத்தில் இயங்கிவந்தது. தரவுத்தளத்துக்கென்றே எழுதப்பட்ட ஓடிபிஎல் உரிமத்துக்கு அது 2012 செப்டம்பரில் மாறியது. அதற்காகப் பங்களிப்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. சம்மதம் கிடைக்காத பங்களிப்புகளை வரைபடத்திலிருந்து நீக்க வேண்டியும் வந்தது. யாரோ நடந்து நடந்து பதிந்த தெருக்கள் அப்படி மறைந்தன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் தரவுத்தள உரிமையை முழுமையாகக் கையாளத் தொடங்கியது 2013 நவம்பரில் வந்த 4.0 பதிப்பில்தான். எனவே அவ்வகை உரிமம் ஒன்றைத் தரவுக்கு இடுவதானால் 4.0 என்ற எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

எந்த உரிமம் நல்லது என்று கேட்பவர்களிடம், உங்கள் தரவு யாருடைய தரவோடு கலக்கப் போகிறது என்று திருப்பிக் கேட்பேன். மருத்துவமனைகளின் அடுக்கு (ஒரே வகை இடங்களைக் காட்டும் தரவு) தனியாக இருந்தால் அது ஒரு பட்டியல். சாலை அடுக்கும் வெள்ளப்பகுதி அடுக்கும் அதோடு சேரும்போதுதான் ஆம்புலன்ஸ் எந்த வழியில் போக முடியும் என்பது தெரியும். எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சிசி0 உரிமத்தில் வெளியிட்ட தரவு எதோடும் கலக்கும். சிசி பிஒய் 4.0 பெயர் குறிப்பிடுவதை முதன்மை நிபந்தனையாக வைக்கிறது. ஓடிபிஎல் மேலும் ஒருபடி போகிறது. அந்தத் தரவிலிருந்து நீங்கள் உருவாக்கும் வரைபடப் படத்தை, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, விரும்பிய உரிமத்தில் வெளியிடலாம்; ஆனால் அந்தத் தரவுத்தளத்தையே திருத்தியோ வளர்த்தோ பொதுவில் பயன்படுத்தினால், வளர்ந்த தரவுத்தளத்தையும் ஓடிபிஎல் உரிமத்திலேயே தர வேண்டும். தன்னார்வலர்கள் தொகுத்த தரவைப் பிறர் எடுத்துப் பூட்டிவைத்துவிடாமல் காக்க இது சரியான அரண். பொதுப்பணத்தில் தொகுத்த தரவுக்கு, என் கருத்தில், சிசி0 அல்லது சிசி பிஒய் 4.0 போதும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் சாலைத் தரவு, பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத பொது உரிமையில் இருந்ததால்தான் 2007, 2008ஆம் ஆண்டுகளில் அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அப்படியே ஏற்ற முடிந்தது.

சிசி பிஒய் 4.0இல் பலர் அறியாத ஒன்று உண்டு. பெயர் குறிப்பிடும் முறையிலும் நகலெடுப்பதைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளைப் பற்றிய விதியிலும் ஓடிபிஎல்லோடு உரசல் இருப்பதால், சிசி பிஒய் 4.0இல் உள்ள தரவைத் தன் வரைபடத்தில் சேர்க்கும் முன் உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்கும்படி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை கேட்கிறது. வெளியிடும்போதே அந்த அனுமதியை ஒரு வாக்கியமாக எழுதிவைத்தால் பின்னால் கடிதப் போக்குவரத்து தேவைப்படாது.

“வணிகப் பயன்பாடு கூடாது” என்ற நிபந்தனையை விரும்பும் அமைப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு நிபந்தனையால் தரவு திறந்த தரவு என்ற தகுதியையே இழக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கிப்பீடியா போன்ற பொதுத் திட்டங்களிலும் சேர முடியாமல் போகிறது. “மாற்றக்கூடாது” என்ற நிபந்தனை இன்னும் மோசம்: தவறான இடத்தில் விழுந்த புள்ளியை ஒருவர் நகர்த்தித் திருத்தி வெளியிடுவதற்கே அது தடையாக நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தத் தரவை வழங்கும் உரிமை நமக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாய்களின் அடுக்கு ஒன்று என்னிடம் வந்தபோது அதன் பண்பு அட்டவணையைத் திறந்து “மூலம்” என்ற நெடுவரிசையை வரிசைப்படுத்தினேன். பெரும்பாலான வரிகளில் “கள ஆய்வு, ஜிபிஎஸ்” என்று இருந்தது. அட்டவணையின் அடியில், வணிக வரைபடச் சேவை ஒன்றின் பெயரோடு நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் நின்றன. களத்துக்குப் போக முடியாத நாட்களில் யாரோ அந்தச் சேவையின் வரைபடத்தில் புள்ளியைச் சொடுக்கி ஆயத்தொலைவை எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்துத் தொகுப்பதை அச்சேவையின் விதிமுறைகள் தடுத்திருந்தன. அந்த வரிகளை நீக்கி, அக்குழாய்களை மீண்டும் அளந்த பிறகே வெளியிட்டோம். அந்த நெடுவரிசையை ஒழுங்காக நிரப்பிய களப்பணியாளருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்; அது இல்லாதிருந்தால் முழு அடுக்கையுமே சந்தேகப்பட வேண்டியிருந்திருக்கும். செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு வரைந்து எடுத்த தரவுக்கும் இதே சோதனை தேவை. உங்கள் அடுக்கில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்து வளர்த்த பகுதி கணிசமாக இருந்தால், உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையே உங்களுக்கு இல்லை, அது ஓடிபிஎல்தான்.

நிரலுக்கு வேறு உரிமம் வேண்டும். தன் உரிமங்களை மென்பொருளுக்கு இட வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே அறிவுறுத்துகிறது. தரவைச் சுத்தம் செய்யும் சிறு நிரல்களுக்கு, மிகக் குறைந்த நிபந்தனைகள் கொண்ட எம்ஐடி உரிமம் போதும்; புவித்தரவை வாசிக்கும் ஜிடால், ஆயத்தொலைவுகளை மாற்றும் ப்ராஜ் ஆகிய அடிப்படை நிரலகங்களும் எம்ஐடி வகை உரிமத்திலேயே வருகின்றன. கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய தெளிவு வேண்டுமானால் அப்பாச்சி 2.0 உரிமம் பொருந்தும். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், வழிவரும் நிரலையும் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் 2ஆம் அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் வருவதால், அதற்கு நீட்சி எழுதுபவர் அதனோடு பொருந்தும் உரிமத்தையே இட வேண்டும்.

கட்டற்ற உரிமம் எவ்வளவு உறுதியானது என்பதை 2020 டிசம்பரில் பார்த்தோம். இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டும் மேப்பாக்ஸ் ஜிஎல் ஜேஎஸ் நிரலகத்தின் 2ஆம் பதிப்பு பிஎஸ்டி என்ற கட்டற்ற உரிமத்தை விட்டு வணிக விதிமுறைக்கு மாறியது. ஆனால் முன்பே வெளிவந்த பதிப்புகளுக்குத் தந்த உரிமம் அப்படியே நின்றது. அவற்றிலிருந்து கிளைத்த மேப்லிப்ரே இன்றும் வளர்ந்துவருகிறது.

குழாய் அடுக்கு வெளியானபோது அதன் கோப்புறை இரண்டாகப் பிரிந்திருந்தது. தரவுப் பகுதியில் சிசி பிஒய் 4.0 உரிமத்தின் முழு வாசகமும், நிரல் பகுதியில் எம்ஐடி வாசகமும் தனித்தனிக் கோப்புகளாக இருந்தன. ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுக் கோப்பு கைமாறும்போது உரிமத்தை விட்டுவிட்டுத் தனியே போய்விடும் என்பதால், பதிவிறக்கும் ஜிப் கோப்புக்குள்ளும் உரிமத்தின் நகல் ஒன்றை வைத்தோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கான அனுமதி வாக்கியத்தையும், பயனர் அப்படியே நகலெடுத்துத் தம் வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்படி அமைப்பின் பெயர், ஆண்டு, உரிமம் மூன்றும் அடங்கிய ஒற்றை வரியையும் ரீட்மீயின் தொடக்கத்தில் எழுதினோம்.