பண்டிகை லீவுல வர்ற படபடப்பு: கைக்கு ஒரு வேலை குடுங்க, ஆனா அத யாருக்கும் காட்டாதீங்க

லீவு சீசன் நெருங்க ஆரம்பிச்சாலே என்கிட்ட கவுன்சிலிங்குக்கு வர்றவங்க பேச்சு மாறிடும். "ஊரே சந்தோஷமா இருக்கு, எனக்கு மட்டும் ஏன் மேடம் வயித்தப் பிசையுது"ன்னு கேப்பாங்க. இதக் கேக்குறதுக்கே நிறைய பேருக்கு கூச்சமா இருக்கு, நல்ல நாள்ல போய் மனசு சரியில்லன்னு எப்படி சொல்றதுன்னு. தயவுசெஞ்சு அந்தக் கூச்சத்த விட்ருங்க. தூங்குற நேரம் மாறுது, சாப்பிடுற நேரம் மாறுது, கைல இருக்க காசு கரையுது, வருஷம் முழுக்க பேசாத சொந்தக்காரங்க ஒரே நாள்ல வந்து உக்காந்து எப்போ கல்யாணம் எப்போ குழந்தை வேலை என்னாச்சுன்னு வரிசையா கேக்குறாங்க, இல்லன்னா கேக்கக்கூட ஒரு ஆள் இல்லாம நாலு சுவத்துக்குள்ள தனியா இருக்கோம். இதுக்கு நடுவுல மனசு படபடக்கலன்னாதான் ஆச்சரியம்.

இந்த நேரத்துல நான் சொல்ற முதல் விஷயம் கைய வேலைல வைங்கங்கறதுதான். இதுக்கு காரணம் இருக்கு. கவலைய பல வருஷமா ஆராய்ச்சி பண்ண தாமஸ் போர்கோவெக்ங்கிற சைக்காலஜிஸ்ட், கவலை மனசுல படமா ஓடுறத விட வார்த்தையா ஓடுறதுதான் அதிகம்னு காட்டுனாரு. நீங்களே கவனிச்சுப் பாருங்க, அவங்க இப்படிக் கேட்டா நான் என்ன சொல்றது, அவர் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டா என்ன பண்றதுன்னு உள்ளுக்குள்ள ஒரு பேச்சு நிக்காம ஓடிட்டே இருக்கும். அந்தப் பேச்ச இன்னொரு பேச்சால அடக்குறது ரொம்ப கஷ்டம், "கவலப்படாத"ன்னு நூறு தடவ சொன்னாலும் ஒன்னும் ஆகாது. ஆனா கண்ணும் கையும் சேந்து ஒரு கோட்டப் பிடிச்சிட்டுப் போகும்போது, ஒரு பேப்பரக் கிழிக்கும்போது, களிமண்ணப் பிசையும்போது கவனம் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுது, உள்ள ஓடுற பேச்சுக்கு இடம் கம்மியாகுது.

2016ல அமெரிக்கால இருக்க ட்ரெக்ஸல் யுனிவர்சிட்டில கிரிஜா கைமல் டீம் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 39 பேருக்கு களிமண், மார்க்கர், கொலாஜுக்கு, அதாவது துண்டு துண்டா ஒட்டி படம் பண்றதுக்கு, பேப்பர் எல்லாம் குடுத்து 45 நிமிஷம் இஷ்டத்துக்கு எதையாவது செய்யச் சொன்னாங்க, முன்னாடியும் பின்னாடியும் எச்சில்ல கார்ட்டிசால் பாத்தாங்க, ஸ்ட்ரெஸ்ல ஏறுற ஹார்மோன் அது. சுமார் 75 சதவீதம் பேருக்கு குறைஞ்சிருந்தது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, வரையத் தெரிஞ்சவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பாக்க வேற குரூப்பும் வைக்கல, அதனால இத வச்சு ரொம்பப் பெருசா எதுவும் சொல்லக்கூடாது. ஆனா "எனக்கு வரைய வராதே"ன்னு சொல்றவங்ககிட்ட நான் இதத்தான் எடுத்துச் சொல்வேன்.

ஒருத்தங்க வந்தாங்க, அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் சொல்றேன். குடும்பத்தோட எல்லாரும் கூடுற நாளுக்கு முந்தின வாரம். பேசும்போதே கைக்குட்டை நுனிய முறுக்கி முறுக்கி கயிறு மாதிரி ஆக்கிட்டாங்க. ஒரு பழைய பத்திரிகைய குடுத்து, கத்திரி வேண்டாம், இதுல எங்கெல்லாம் நீலம் இருக்கோ அத மட்டும் கையால கிழிச்சு எடுங்கன்னு சொன்னேன். முதல்ல ஸ்கேல் வச்ச மாதிரி நேரா கிழிக்கப் பாத்தாங்க, பேப்பர் கோணலா போச்சுன்னா ஓரத்த மறுபடி சரி பண்ணுவாங்க, "கடைசில என்ன வரணும் மேடம்"னு ரெண்டு மூணு தடவ கேட்டாங்க. ஒன்னும் வர வேண்டாம்னேன். கொஞ்ச நேரத்துல ஓரத்த சரி பண்றத விட்டுட்டாங்க, வெளிர் நீலம் ஒரு பக்கம் அடர் நீலம் ஒரு பக்கம்னு தானா பிரிச்சு அடுக்க ஆரம்பிச்சாங்க, காது வரைக்கும் ஏறியிருந்த தோள் இறங்குச்சு, ஒரு நீளமான மூச்சு விட்டாங்க. அப்புறம் உடனே போன எடுத்து போட்டோ பிடிக்கப் போனாங்க, ஸ்டேட்டஸ் வைக்க. அங்கதான் நான் நிறுத்தச் சொன்னேன்.

ஏன்னா வருஷத்துலயே நாம மத்தவங்க கண்ணுக்காக அதிகமா வாழ்ற நேரம் இதுதான். வீடு அவங்க பாக்க, டிரஸ் அவங்க பாக்க, சிரிப்பு கூட போட்டோவுக்காக. இதுல கை வேலையும் ஸ்டேட்டஸுக்குப் போச்சுன்னா எத்தனை லைக்குங்கற கவலை ஒன்னு புதுசா சேரும், அவ்வளவுதான். கையால செஞ்ச கிஃப்ட்டும் எனக்கு இதே கணக்குதான். அன்பா செய்றீங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா அதுக்கு ஒரு தேதி இருக்கு, நல்லா வரணும்ங்கற பயம் இருக்கு, அத ஓய்வுன்னு நினைச்சுக்காதீங்க. தனியா ஒன்னு, யாருக்கும் குடுக்காத யாரும் பாக்காத ஒன்னு வச்சுக்கோங்க. முடிச்சதும் குப்பைல போட்டாலும் பரவால்ல.

ரொம்ப படபடப்பா இருக்கும்போது வெள்ளைத்தாள முன்னாடி வச்சிட்டு உக்காராதீங்க. என்ன வரையன்னு யோசிக்கறதே இன்னொரு டென்ஷன் ஆயிடும். 2005ல கர்ரி, காஸர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க காலேஜ் பசங்ககிட்ட முதல்ல கொஞ்சம் பதட்டத்த வரவச்சுட்டு, சிலருக்கு வட்ட டிசைன், சிலருக்கு கட்டம் போட்ட டிசைன், சிலருக்கு வெறும் தாள் குடுத்து 20 நிமிஷம் கலர் அடிக்கச் சொன்னாங்க. டிசைன் கிடைச்சவங்களுக்கு பதட்டம் இறங்குன அளவுக்கு வெறும் தாள் கிடைச்சவங்களுக்கு இறங்கல. அதனால கட்டம் போட்ட நோட்டுல ஒன்னு விட்டு ஒன்னு நிரப்புங்க, கொக்கி ஊசியால நூல் பின்னுற குரோஷே தெரிஞ்சா ஒரே தையல திரும்பத் திரும்பப் போடுங்க. வீடு நிறைய ஆள் இருந்தா குழந்தைங்க பக்கத்துல உக்காந்து அவங்களோட கலர் அடிங்க, தப்பிச்சு ஓடுன மாதிரியும் தெரியாது, குனிஞ்ச தலைகிட்ட கேள்வியும் கம்மியாதான் வரும். குழந்தை வரைஞ்சத மட்டும் சூப்பர் சூப்பர்னு எடுத்துட்டுப் போய் எல்லாருக்கும் காட்டாதீங்க, அதுக்கும் கொஞ்சம் நிம்மதி வேணும்.

போன வருஷம் கூட இருந்தவங்க இந்த வருஷம் இல்லங்கற வீடுகளுக்கு கலர் பென்சில் போதாது. அங்க நான் எழுதச் சொல்வேன், இறந்தவங்களுக்கே நேரா லெட்டர் மாதிரி, ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம், நாலு நாள். எழுத்துப்பிழை பாக்காதீங்க, கோவம் வந்தா கோவத்தையும் எழுதுங்க. எழுதி முடிச்ச உடனே மனசு இன்னும் கனமாத்தான் இருக்கும், அது இயல்பு, அதனால தூங்கப் போற நேரத்துல எழுதாதீங்க. தாங்க முடியலன்னா பாதில நிறுத்திடலாம்.

இது எதுவும் வைத்தியத்துக்கு மாற்று கிடையாது. ரெண்டு வாரமா பெரும்பாலான நாள் தூக்கம் இல்ல, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, சமாளிக்க குடிக்க ஆரம்பிச்சிட்டேன்னா டாக்டரப் பாக்கணும். நெஞ்சு வலின்னா பதட்டம்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, உடனே போய்க் காட்டுங்க. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுச்சுன்னா ஒரு நிமிஷம் கூட தனியா இருக்காதீங்க, பக்கத்துல இருக்கவங்ககிட்ட வாய் திறந்து சொல்லுங்க, எமர்ஜென்சிக்குப் போங்க, லீவு நாள்லயும் அது திறந்திருக்கும். ஏற்கனவே பதட்டத்துக்கு மாத்திரை எடுக்கறவங்க லீவுல நல்லாத்தான இருக்கேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, சிலத திடீர்னு நிறுத்துனா தலைசுத்தல், தூக்கமின்மை, பதட்டம் எல்லாம் வரும். உங்க டாக்டர் எந்தெந்த நாள் இருக்க மாட்டாருன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, வீட்ல மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்குன்னு இன்னைக்கே எண்ணிப் பாத்துருங்க.