பௌரான்: பொருளும் வேரும் தமிழ்ப் பெயரும்

ஐரிஷ் மொழியில் இசைக்கருவிப் பெயர்களைக் கற்பவருக்குப் பல பெயர்கள் தாமே பொருள் சொல்லிவிடும். சீழ்க்கையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த ‘ஃபடோக்’ சிறு குழலாகும். அதனோடு ‘பெரிய’ என்னும் அடையைச் சேர்த்தால் அதுவே புல்லாங்குழலாகிவிடும். ‘பௌரான்’ அவ்வளவு எளிதில் பிடிபடாத சொல். ஆதலால்தான் அதனைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மரவளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிய கைப்பறையே பௌரான். அயர்லாந்தில் டிசம்பர் 26-ஆம் நாள் வேடமிட்டு வீடுவீடாகப் பாடிச் செல்வோரின் கையில் இருந்த இக்கருவி, 1960-களில் ஐரிஷ் இசையமைப்பாளர் ஷான் ஓ ரீஅடா தம் இசைக்குழுவில் இடமளித்த பிறகே மேடைக்கருவியாகப் பெயர்பெற்றது. ‘bodhrán’ என்னும் இப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் ‘போத்ரான்’ என்பார். நடுவிலுள்ள ‘டி’, ‘எச்’ என்னும் இரண்டெழுத்தும் தமக்கென ஒலியின்றி முன்னுள்ள உயிரோடு கலந்து ‘ஔ’ ஆகிவிடுகின்றன. ‘பௌரான் வாசிக்கிறேன்’ என்று சொல்லும்போதோ, பல வட்டாரங்களில் சொல்லின் முன் ஒரு மகரம் வந்து நிற்க, காதில் ‘மௌரான்’ என்றே விழும். எழுத்தில் பழைய முதலெழுத்து அழியாமல் அதன் பின்னால் நிற்கும்.

இதன் வேர், செவிட்டுத்தன்மையைக் குறிக்கும் ‘பௌர்’ என்னும் சொல். வடமொழியின் ‘பதிர’ இதற்கு உறவுச்சொல். அவ்வடசொல்லே தமிழ் அகராதிகளில் செவிடனைக் குறிக்கும் ‘பதிரன்’ ஆயிற்று. காதைச் செவிடாக்கும் கருவி என்று இப்பெயருக்கு விளக்கம் தருவோர் உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. ‘பௌர்’ என்பதற்கு மழுங்கிய ஓசை என்னும் பொருளும் உண்டு. நாம் ‘காது மந்தம்’ என்றும் ‘மந்தமான ஓசை’ என்றும் ஒரே சொல்லை இரண்டுக்கும் ஆள்வது போன்றதே இது. கணீரென்று ஒலிக்காமல் அடங்கி அதிரும் ஆட்டுத்தோலுக்கு இப்பொருளே தகும். தானியம் புடைக்கும் தோல் தட்டுக்கும் இதே பெயர் வழங்கியது என்பதையும் மறக்கலாகாது.

தமிழில் இதனை வெறுமனே ‘பறை’ என்பது போதாது. தப்புப் பறையை இரண்டு குச்சிகளால் அடிப்பார்கள், பௌரானுக்கோ இருமுனையும் அடிக்கும் ஒரே குறுந்தடிதான். மறு கை தோலின் உட்புறத்தை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்குகிறது. பிடித்த கையாலேயே தோலை அழுத்தி ஒலியை வளைக்கும் கஞ்சிரா இவ்வகையில் நெருங்கிய உறவு என்றாலும், அதற்கு மரபாக உடும்புத்தோலும் சலங்கைத் தகடும் உண்டு, தடி இல்லை. ஆகவே முதன்முறை எழுதும்போது ‘பௌரான் என்னும் ஒருமுகப் பறை’ என்றும், பின்னர் ‘பௌரான்’ என்றும் எழுதுவதே முறையாகும். அதன் தடியை ஐரிஷ் மொழியினர் ‘கிப்பீன்’, அதாவது சிறுகுச்சி, என்பர். அதற்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, பறையடிக்கும் குறுந்தடிக்குக் ‘குணில்’ என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு.