ரெனுவாரின் ஆலிவ் மரங்கள் மின்னுவது எப்படி?

ஆலிவ் இலையின் மேற்புறம் அடர்பச்சை. அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் இருக்கும், ஆனால் அங்கே வெள்ளி நிறமி எதுவும் கிடையாது. குட்டிக் குடைகள் போன்ற நுண்முடிகள் அடிப்புறம் முழுக்க நெருக்கமாக மூடியிருக்கின்றன. அவை எல்லா நிற ஒளியையும் நாலாபக்கமும் சிதறடிப்பதால் சாம்பல் கலந்த வெண்மை தெரிகிறது. இலைத்துளைகள் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அவற்றின் வழியே நீர் ஆவியாவதை முடிகள் குறைக்கின்றன. மழை காணாத மத்தியதரைக்கடல் கோடையில் மரம் தாக்குப்பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

காற்றடித்தால் இலைகள் புரளும், மரத்தின் நிறமே மாறிவிடும். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரைக் கடைசிக்காலத்தில் பாடாய்ப்படுத்தியது இதுதான். 1907இல் தென்பிரான்சின் கான்யு ஊரில் பழைய ஆலிவ் தோப்போடு ஒரு பண்ணையை வாங்கினார். இல்லாவிட்டால் மரங்கள் வெட்டுப்பட்டிருக்கும். நிறம் இலையில் இல்லை, இலைகளுக்கு இடையிலுள்ள வெளியில் இருக்கிறது என்று பின்னர் ஓர் ஓவிய வணிகரிடம் சொன்னார்.

சரி, அந்த இடைவெளியை எப்படித் தீட்டுவது? முதலில் துணியில் வெள்ளைப் பூச்சு. அதன்மேல் எண்ணெயும் டர்பன்டைனும் விட்டு நீர்க்க வைத்த வண்ணம், மெல்லிய படலங்களாக. ஒளி படலத்தைக் கடந்து வெள்ளையில் பட்டு, அதே படலம் வழியாகவே திரும்புகிறது. நிறம் இருமுறை வடிகட்டப்படுவதால் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். கெட்டியாக அப்பிய வண்ணத்தில் இது நடக்காது. பச்சைக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பை வைத்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும். அது கண்ணும் மூளையும் செய்யும் வேலை.

இந்த நிலக்காட்சிகளில் பல சிறியவை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள பண்ணைவீட்டுப் படம் அகலத்தில் 65 சென்டிமீட்டர்தான். முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கி, 1912 வாக்கில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவருக்கு இந்த அளவு கைக்கு எட்டும். தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார் என்ற கதை பரவலாக உண்டு. உண்மையில் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டு உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருக்கத்தான். தூரிகையை எடுத்து விரலிடுக்கில் வைக்க இன்னொருவர் வேண்டும், பிடித்து வரைந்தது அவரேதான்.

அவர் ஓவியங்களில் தெரியும் மங்கலான, இறகு போன்ற கோடுகளுக்கு நோய்தான் காரணம் என்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதலில்லை. கை நன்றாக இருந்த நாட்களிலேயே அப்படித் தீட்டத் தொடங்கிவிட்டார்.