மஞ்சள் பட்ட சுவர் ஏன் சிவந்தது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்து, சொந்தமாக நிலம் வாங்கி வீடு கட்டுகிறார்கள். உள்சுவர்ப் பூச்சு முடிந்த மறுவாரம், நல்ல நாள் பார்த்து, சாமி அறைச் சுவரில் மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்தாராம் மாமியார். கொஞ்ச நேரத்தில் பொட்டு செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. "வீடு பலி கேட்குது" என்று உறவுக்காரர் ஒருவர் கிளப்பிவிட, பரிகாரப் பேச்சு ஆயிரம் ரிங்கிட் வரை போயிருக்கிறது. இதற்கிடையில் கிரகப்பிரவேச நாள் நெருங்குகிறது, பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கான்ட்ராக்டர் நச்சரிக்கிறார். வாசகி இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக எழுதியிருக்கிறார். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன.

ஆரத்தி கரைத்த கைகளுக்குப் பாதி விடை தெரியும். மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு போன்ற காரத்தைச் சந்தித்தால் ஹைட்ரஜன் அயனியை இழக்கும். அது விழுங்கும் ஒளியின் அலைநீளம் மாறும். நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். காரம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். எண் 8, 9 வாக்கில் இந்த மாற்றம் நடக்கும். புதுப் பூச்சின் பி.எச். 12க்கும் மேல். ஆகவே பொட்டு சிவக்காமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

"சுண்ணாம்பே போடலையே, வெறும் சிமெண்டும் மணலும்தானே?" என்று கான்ட்ராக்டர் கேட்கலாம். அவர் போடவில்லை, சிமெண்டே உண்டாக்கிக்கொண்டது. சிமெண்டு, தண்ணீர் வற்றிக் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. பூசிய சுவருக்குத் தண்ணீர் தெளிப்பது அதற்காகத்தான். அந்த வினையில் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை உருவாகி மணலைக் கவ்விப் பிடிக்கிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் பிறக்கிறது. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு.

இனி எனக்குப் பிடித்த பகுதி.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் வழியில், செமோர் பக்கம் கந்தான் என்ற சுண்ணாம்புக்கல் குன்று இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் இந்தக் குன்றுகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்தவை. கந்தானை வெட்டித்தான் பக்கத்திலேயே சிமெண்டு ஆக்குகிறார்கள். (அங்குள்ள குகையில் மட்டுமே காணப்பட்ட ஒரு சிலந்தி இனத்துக்கு 1997இல் லிஃபிஸ்டியஸ் கந்தான் என்று பெயர் வைத்தார்கள். வளைக்கு மூடி போட்டு வாழும் சிலந்தி அது. சிமெண்டு மூட்டை வாங்கும்போது எனக்கு அதன் நினைப்பும் வரும்.) சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்டால் கரியமில வாயு பிரிந்துவிடும். 100 கிலோ கல்லில் 44 கிலோ வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. மிச்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. சிமெண்டு சூளையில் அது களிமண்ணோடு 1,450 டிகிரி வரை வெந்து, அரைபட்டு, மூட்டையாக உங்கள் வாசலுக்கு வருகிறது.

சுவரேறிய பிறகு கதை பின்னோக்கி ஓடுகிறது. பூச்சில் பிறந்த சுண்ணாம்பு, காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. மலையாக இருந்த அதே பொருள் உங்கள் சாமி அறையில் சத்தமில்லாமல் திரும்பக் கல்லாகிறது! ஆக ஆகக் காரம் தணியும். முழுக்கக் கல்லான இடத்தில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

இது எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ சுண்ணாம்பு கல்லாக ஏறத்தாழ 600 கிராம் கரியமில வாயு வேண்டும். காற்றில் அது சுமார் 0.04 விழுக்காடுதான், ஒரு கன மீட்டர் காற்றில் முக்கால் கிராம் தேறும். ஆக, ஒரு கிலோவுக்கே 800 கன மீட்டர் காற்று. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியான அறை பிடிப்பது 28 கன மீட்டர். ஒரு கிலோவுக்கே அந்த அறைக் காற்று 28 தடவை புதிதாக வந்து போக வேண்டும். நான்கு சுவர்ப் பூச்சிலும் சேர்த்துச் சுண்ணாம்பு 20 கிலோவைத் தாண்டும். ஹோமப் புகையால் சுவர் சீக்கிரம் பக்குவப்படும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: போதாது.

ஈரமும் இதில் விளையாடுகிறது. சுண்ணாம்பும் வாயுவும் கரைந்து சந்திக்க, பூச்சின் நுண்துளைகளில் மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். எலும்பாகக் காய்ந்த சுவரில் வினை நின்றுவிடும். துளை முழுக்கத் தண்ணீர் என்றாலோ, சளி பிடித்த மூக்கு மாதிரி அடைத்துக்கொள்ளும். கரியமில வாயு காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீரில் பரவும். காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு இருந்தால் வினை நன்றாக ஓடும். நம்மூரில் 80 என்பது சாதாரணம். ஆகவே நம் சுவர்கள் பொறுமைசாலிகள்.

2016இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 1930 முதல் 2013 வரை சிமெண்டுக்காகக் கல் சுட்டதில் வெளியேறிய கரியமில வாயுவில் 43 விழுக்காட்டை, கட்டிய பொருள்களே திரும்ப இழுத்துக்கொண்டன என்று கணக்கிட்டது (சூளை எரிபொருளின் புகை தனி). மெல்லிசாக, பரப்பில் அதிகமாக இருக்கும் காரைப் பூச்சுக்கு அதில் பெரிய பங்கு. வெப்பமண்டல ஈரத்தில் தோட்டப்புற வீடுகளின் சுவர் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க, நம் பல்கலைக்கழகங்கள் பத்து வீட்டில் துளை போட்டு மாதிரி எடுத்தால் போதும். செலவு சொற்பம்தான். ஆனால் சுவர்க்காரையை ஆராய்கிறேன் என்று விண்ணப்பித்தால் எந்தக் குழு மானியம் தரும்? ஆய்வின் தலைப்பும் பளபளக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற காலம் இது.

சரி, பெயிண்ட். எண்ணெய் பெயிண்டைக் காரமான சுவரில் அடித்தால், காரம் அதிலுள்ள எண்ணெயைச் சிதைத்துச் சோப்பாக்கிவிடும். அப்புறம் பிசுபிசுப்பு, உரிதல். எமல்ஷன் இதைவிடத் தாங்கும். இருந்தாலும் காரத்தை எதிர்க்கும் சீலர் என்ற அடிப்பூச்சு ஒரு கோட் அடித்துவிடுவதே நல்லது. பரிகாரத்துக்குப் பேசிய ஆயிரத்தை அதில் போடுங்கள் என்பது என் கட்சி. சுவர் முழுக்கக் கல்லாகும்வரை யாரும் காத்திருக்க முடியாது. நான்கு வாரம் பொறுக்கச் சொல்வது முக்கியமாக உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியேறுவதற்காக. அக்டோபர், நவம்பர் மழையில் அதற்கு மேலும் ஆகலாம். ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் டேப்பால் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் பெயிண்ட் டின்னைத் திறக்க வேண்டாம்.

மஞ்சளையும் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்தோல்தான் முதலில் கல்லாகும். அதனால் ஓரமாக, ஆணியால் சில மில்லிமீட்டர் சுரண்டிவிட்டு ஈர மஞ்சளைத் தொட்டு வையுங்கள். மேலே மஞ்சள், உள்ளே சிவப்பு என்றால் காரம் உள்ளே இன்னும் விழித்திருக்கிறது.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால், ஈரத்தோடு வெளியே வந்து கல்லான சுண்ணாம்பு அது. நுரைக்காமல் தண்ணீரிலேயே கரைந்தால் சல்பேட் போன்ற வேறு உப்பு. அதை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்; உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தட்டத் தட்ட அதே இடத்தில் பூத்துக்கொண்டே இருந்தால், சுவருக்குள் ஓடும் குழாயை பிளம்பரிடம் காட்டுங்கள்.