பிரான்சில் பனை வளர்க்க நினைக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு

ஜூலை, ஆகஸ்ட் வந்தால் எங்கள் நர்சரியில் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தவர்களின் கூட்டம்தான். புதுச்சேரி பக்கத்து வில்லியனூரில் அம்மா வீடு, பாரிஸ் புறநகரில் சொந்த வீடு என்று இருப்பவர்கள். வாசலில் நிற்கும் அரிக்கா பாம், ஃபாக்ஸ்டெயில் பாம் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அண்ணே, இது அங்க வருமா?" என்பார்கள். வீட்டுக்குள், தொட்டியில் என்றால் அரிக்கா வரும். வெளியே மண்ணில் வைத்தால் முதல் உறைபனியோடு கதை முடிந்தது. தென்னையும் நம் பனைமரமும் அப்படித்தான்.

மார்கழியில் 19 டிகிரிக்கு இறங்கினாலே நாம் மப்ளரைத் தேடுகிறவர்கள். பாரிஸ் பக்கம் ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம், சில வருடம் மைனஸ் 10-ஐத் தொடும். ஆனாலும் அதைத் தாங்கும் பனை இனங்கள் இருக்கின்றன. சீனாவிலிருந்து வந்த டிராக்கிகார்பஸ் என்ற விசிறிப் பனை, நன்றாக வேர் பிடித்துவிட்டால் மைனஸ் 12, 15 வரை நிற்கும். மத்தியதரைக் கடல் ஓரத்துக் குட்டைப் பனையான கேமரோப்ஸ் மைனஸ் 10 வரை சமாளிக்கும். கேனரிப் பேரீச்சை பார்க்க ராஜா, ஆனால் மைனஸ் 6, 7-க்கே திணறும். புதிதாகத் தொடங்குகிறவர் டிராக்கிகார்பஸைத் தவிர வேறெதையும் மண்ணில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, குளிரைத் தாங்கும் வகையாகவே வாங்கியும் ஏன் செத்துப்போகிறது? பெரும்பாலும் ஈரத்தால். பனை, தென்னை, பேரீச்சை எதுவானாலும் ஒரு தண்டுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். மாமரத்தில் ஒரு கிளை கருகினால் இன்னொன்று துளிர்க்கும். ஒற்றைத் தண்டுப் பனையில் குருத்துக்கு அடியில் இருக்கும் அந்த முனை போனால் மரமே போச்சு. ஓலை கருகினால் பயப்பட வேண்டாம், அடுத்த ஓலை வரும். ஆனால் குருத்தின் மடிப்பில் மழைத்தண்ணீர் தேங்கி, உறைந்து, இளகி, மறுபடி உறைந்தால் திசு நைந்துவிடும். அதன் வழியாகப் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே இறங்கும். கடலூர் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு வரும் குருத்தழுகலின் அண்ணன் தம்பிதான். அதனால்தான் காய்ந்த மைனஸ் 10-ஐத் தாங்கிய மரம், நாள் கணக்கில் தூறலோடு வரும் மைனஸ் 4-இல் செத்துப்போவது உண்டு.

போன பிப்ரவரியில் ஒரு தம்பி வீடியோ காலில் வந்தார். தன் விசிறிப் பனை வாடிப்போய் நிற்கிறது என்றார். குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே இழுக்கச் சொன்னேன். சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிமுனையைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினார். நாலு விரல் நீளத்துக்குப் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. "நாத்தம் அடிக்குதா?" என்றேன். "புளிச்ச கள்ளு மாதிரி அடிக்குதுண்ணே." அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னேன், கெட்டியாக இருந்தது. பிடுங்கி எறியப் போனவரைத் தடுத்துவிட்டேன். குருத்து கையோடு வந்தாலும் முனை உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. அழுகியதை நல்ல திசு தெரியும்வரை எடுத்துவிட்டு, குழியை ஈரம் போகத் துடைத்து, போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை ஊற்றி, மழை விழாதபடி மேலே ஒரு மூடி. வைத்தியம் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் பொறுமை. ஜூன் கடைசியில் பாதி கருகிய ஒரு குருத்து வெளியே வந்தது. அதற்கடுத்த ஓலை முழுசாக வந்தது.

போர்டோ கலவை என்றதும் அவர் சிரித்தார். அங்கே தோட்டக் கடையில் சுலபமாகக் கிடைப்பதுதானே! போர்தோ வட்டாரத் திராட்சைக்காக 1880-களில் வந்த மருந்து அது. நம் தென்னை விவசாயி 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று கலக்குவதும் அதையேதான். அங்கே பெட்டியில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம், தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும்.

நடுவதற்கு மே மாதம்தான் சரி. இலையுதிர் காலத்தில் தள்ளுபடியில் கிடைக்கிறதென்று வாங்கி வைத்தால், வேர் ஓடுவதற்குள் குளிர் வந்துவிடும். இடம், வீட்டின் தெற்குச் சுவர் ஓரம். இங்கே தெற்குப் பார்த்த மனை என்றாலே முகம் சுளிப்பவர்கள் அங்கே அதைத்தான் தேட வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்வாகவே போகும், பகலில் சூடேறிய சுவர் ராத்திரியில் கொஞ்சம் கதகதப்புக் கொடுக்கும். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம், அது தள்ளிவிடும் இளங்குருத்துதான் முதலில் அடிவாங்கும். கடுங்குளிர் அறிவிப்பு வந்தால் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, குருத்தைச் சுற்றிக் காய்ந்த வைக்கோல் திணித்து, காற்று போய்வரும் வெள்ளைத் துணியால் சுற்றுங்கள். பாலிதீன் கூடாது, உள்ளே வியர்த்துவிடும். குளிர் தணிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். நவம்பரில் கட்டி மார்ச்சில் அவிழ்ப்பவர்கள் உள்ளே பார்ப்பது பெரும்பாலும் பூஞ்சணம்தான்.

தொட்டியில் வளர்ப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். வெர்சாய் அரண்மனையில் 1680-களில் கட்டிய ஆரஞ்சு மண்டபத்துக்குள் இன்றைக்கும் ஆரஞ்சு, பனை, மாதுளை, அரளி எல்லாம் தொட்டியோடு அக்டோபரில் உள்ளே போய் மே மாதம் வெளியே வருகின்றன. நம் நெடுஞ்சாலை நடுவில் கேட்பாரற்று நிற்கிற அதே அரளி!

வாழை ஆசை உள்ளவர்கள் மூசா பாஸ்ஜூ என்ற வகையைக் கேளுங்கள். மேலே கருகினாலும், தடிமனாக மூடாக்குப் போட்ட கிழங்கு வசந்தத்தில் துளிர்க்கும். பழம் சாப்பிட ஆகாது.

இவ்வளவு பேசினாலும் அதிகம் வரும் அழைப்பு கருவேப்பிலைக்குத்தான். "இலையெல்லாம் கொட்டிடுச்சு, செத்துப்போச்சா?" 10 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் அது மஞ்சளாகி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெளிச்சமான ஜன்னல் ஓரம், ஆனால் ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம், அந்த வறண்ட காற்றில் இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேன் வந்துவிடும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். அம்மா சொன்னார் என்று டிசம்பரில் புளித்த மோர் ஊற்றாதீர்கள். தூங்கும் செடிக்கு அது பயன்படாது, மூடிய அறையில் நாற்றமும் கொசு போன்ற சின்ன ஈக்களும்தான் மிச்சம்.

அப்புறம் பெட்டி விஷயம். கருவேப்பிலைக் கன்றை ஈரத்துணியில் சுற்றித் துணிமணிக்கு நடுவில் வைத்துத் தரச் சொல்கிறார்கள். நான் தருவதில்லை. 14 டிசம்பர் 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடி, விதை, பச்சை இலை எதைக் கொண்டுபோனாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சும்மா கெடுபிடி இல்லை இது. கருவேப்பிலையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பூச்சி, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் சிட்ரஸ் கிரீனிங் நோயைப் பரப்பக்கூடியது. நம் தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு 1990-களில் ஸ்பெயினில் நுழைந்து, 2006-இல் பிரான்சில் தென்பட்டு, தென் கடற்கரையோரக் கேனரிப் பேரீச்சைகளை வரிசையாகச் சாய்த்தது. அழகுக்காக விற்ற மரங்களுக்குள் உட்கார்ந்துதான் அது அந்தக் கண்டத்துக்கே போனது. அதனால் கன்றை அங்கேயே, தாவர பாஸ்போர்ட் (நோய், பூச்சி விதிகளுக்கு உட்பட்டு வளர்த்தது என்று காட்டும் ஐரோப்பிய ஒன்றியச் சீட்டு) ஒட்டிய தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

சான்றிதழ் இல்லாமல் அனுமதி உள்ளவை ஐந்தே ஐந்து பழங்கள்: அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, துரியன், தேங்காய். தேங்காயைச் சட்னிக்குக் கொண்டுபோங்கள். முளைக்கப் போட்டால் கோடையில் இரண்டு ஓலை விடும், பெரும்பாலும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது.