அரைநாள் வேலைக்கு மாறும் தாய்மாரே, விலகல் கடிதம் எழுதாதீர்கள்

பிள்ளைப்பேற்று லீவு முடிந்து திரும்பும்போது, "இனி மத்தியானம் வரைக்கும்தான் வரலாம்" என்று கேட்கிற தாய்மார் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். புடவைக்கடை, மருந்துக்கடை, ரியூட்டரிக் கந்தோர், தனியார் வைத்தியசாலைப் பதிவு மேசை, எங்கும் இதே கதைதான். முதலாளி பெரிய மனதோடு சம்மதிப்பார். பிறகு மெல்லச் சொல்வார்: "தங்கச்சி, விலகிறன் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. அடுத்த மாசம் அரைநாளுக்குப் புதுசாப் போடுவம்."

அந்தக் கடிதத்தில்தான் எல்லாம் போகிறது.

தனியார் துறையில் நேரத்தைக் குறைத்துத் தரும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை. ஆனால் அவர் சம்மதித்த பிறகு, நேரம் குறைந்ததற்காகச் சேவை முறிய வேண்டிய தேவையும் இல்லை. பணிக்கொடை என்பது வேலையை விட்டுப் போகும்போது, சேவை செய்த வருடங்களுக்காக முதலாளி தரும் மொத்தக் காசு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். 5 வருடம் பூர்த்தியானால், மாதச் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம். நாலரை வருடத்தில் விலகல் கடிதம் கொடுத்தால் அது பூச்சியம். மறுநாளே அதே மேசையில் போய் இருந்தாலும் கணக்கு முதலிலிருந்துதான். 5 வருடம் தாண்டியவரை விலகத்தான் சொல்கிறார்கள் என்றால், பணிக்கொடையை முதலில் கேளுங்கள். 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். "பிறகு சேர்த்துத் தருவம்" என்பது வாய்ப்பேச்சு.

இன்னொரு பொறியைப் பலர் கவனிப்பதில்லை. பணிக்கொடை கடைசிச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். 40,000 ரூபாய் சம்பளத்தில் 8 வருடம் என்றால் 1 லட்சத்து 60 ஆயிரம். அரைநாளுக்கு மாறி 25,000 வாங்கும்போது விலகினால், அதே 8 வருடத்துக்கு 1 லட்சம். ஆகவே நேரத்தைக் குறைக்குமுன் பழைய வருடங்களுக்குப் பழைய சம்பளத்தில் கணக்குப் பார்ப்பதாக எழுத்தில் வாங்கப் பாருங்கள். தர மறுக்கலாம், கேட்டதால் நட்டமில்லை.

விலகல் கடிதத்துக்குப் பதிலாக இரண்டு வரி போதும்: "எனது சேவை தொடர்கிறது. இன்ன திகதியிலிருந்து வேலை நேரம் மட்டும் காலை 8 முதல் பிற்பகல் 1 வரை என மாற்றப்படுகிறது." இரு தரப்பும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி.

அடுத்தது ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. "அரைநாள்காரருக்கு ஈபிஎஃப் இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். பகுதிநேரம், தற்காலிகம், துண்டுக்கணக்கு எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவர் கையிலிருந்துதான். 25,000 ரூபாய்ச் சம்பளத்தில் உங்களிடம் கழிப்பது 2,000க்கு மேல் போனால், அவருடைய பங்கையும் உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம். கழித்த காசு கட்டப்பட்டதா என்பதையும் பாருங்கள். சம்பளத் துண்டில் இருக்கும், கணக்கில் இருக்காது. அப்படி ஏமாந்தவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல.

மூன்றாவது பிள்ளைக்குப் பிள்ளைப்பேற்று லீவு குறைவு என்ற பேச்சும் பழையது. 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள்தான்.

முறைப்பாட்டைத் தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காசு கட்டத் தேவையில்லை. நியமனக் கடிதம் இல்லாவிட்டால் "ஆதாரம் எங்கே" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வங்கிப் புத்தகத்தில் சம்பளம் விழுந்த பக்கம், வரவுப் புத்தகத்தின் படம், "நாளைக்கு எட்டுக்கு வாங்கோ" என்று முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, எல்லாம் ஆதாரம்தான். வேலையில் இருக்கும்போதே சேர்த்து வையுங்கள். அப்புறம், பெயர்! அடையாள அட்டையில் ஓர் எழுத்து, ஈபிஎஃப் பதிவில் வேறோர் எழுத்து, கலியாணத்துக்குப் பின் வேறு முதலெழுத்து. இதற்காகவே பெண்களை அலைய விடுகிறார்கள். இப்போதே ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

கொடுக்கும் எந்தக் கடிதத்துக்கும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் எழும்பாதீர்கள். வேலையை விட்டே நிறுத்திவிட்டால், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதம்தான் இருக்கிறது. "அடுத்த மாசம் வாங்கோ" என்ற பதிலை நம்பி இருந்தால் அந்த 6 மாதமும் ஓடிவிடும். நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, நேரத்தோடு ஒரு சட்டத்தரணியையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ பாருங்கள்.