கடைசிக் கட்டப் புற்றுநோய்: குடும்பமும் கூடப் படித்தவர்களும் செய்யக்கூடியவை

கடுமையான நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கிற நோய் ஆதரவு சிகிச்சையில் வேலை பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மகனோ மருமகனோ மட்டும் உள்ளே வருவார்கள். கதவைச் சாத்திவிட்டு, "அவருக்கு எதுவும் தெரியாது டாக்டர். அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் சொல்லிடாதீங்க" என்பார்கள். அப்புறம் நோயாளி வருவார். மகன் மருந்து வாங்கப் போகிற நேரம் பார்த்து, "எனக்கு என்னன்னு தெரியும் சார். பசங்க தாங்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க" என்பார்.

கீமோ ஏற்றிக்கொண்ட ஒருவருக்கு, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்ட ஒருவருக்கு, தனக்கு என்ன நோய் என்று தெரியாமல் இருக்காது. பக்கத்துக் கட்டில்காரர் பேச்சிலேயே பாதி தெரிந்துவிடும். ஆனாலும் வீட்டில் எல்லோரும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள், அன்பினால்தான். அந்த அன்பு நோயாளியைத் தனியாக விட்டுவிடுகிறது. அவருக்கு இருக்கிற பயத்தைச் சொல்லி அழ அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போகிறது.

இந்த முடிச்சைப் பல வீடுகளில் அவிழ்த்தது நானோ என்னுடன் வேலை செய்கிற நர்ஸ்களோ அல்ல, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள். சில வருடங்களாக இதை அடிக்கடி பார்க்கிறேன். எண்பதுகளில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, பழைய பள்ளிக்கூடத்திலேயே கூடி வாத்தியார்களுக்குச் சால்வை போட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு இப்போது ஐம்பத்தைந்து, அறுபது வயது. புற்றுநோய் அதிகம் வருகிற வயது. முன்பு பிறந்தநாள் வாழ்த்து மட்டும் போட்ட குழுவில் இப்போது ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய், கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மஞ்சள் காமாலைக்கு ஸ்டென்ட் (பித்தக் குழாய் அடைப்பைத் திறக்கிற சின்னக் குழாய்) வைத்தார்கள். கீமோவை உடம்பு தாங்கவில்லை. இனிமேல் கீமோ நன்மையைவிடக் கெடுதலே செய்யும் என்று புற்றுநோய் டாக்டர் சொல்லிவிட்டார். மகள் கட்டிக்கொடுத்த ஊரில், மகன் பெங்களூரில். வீட்டில் மனைவி மட்டும்.

செய்தி தெரிந்ததும் பத்தாம் வகுப்பு நண்பர்கள் பணம் திரட்டினார்கள். வேறு மாநிலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, வண்டிக்கும் சொல்லிவிட்டார்கள். மனைவியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நண்பர்கள் என்னிடம் கேட்டது, "பிரயாணத்துக்கு உடம்பு தாங்குமா டாக்டர்?" என்று மட்டும்தான். நான் அவர்களைத் திருப்பிக் கேட்டேன், "அவரிடம் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் மட்டும் அன்று சாயங்காலம் தனியாகப் போய்க் கேட்டார். வந்த பதில் இவ்வளவுதான்: "எனக்கு அங்கயெல்லாம் வேண்டாம்டா. ராத்திரி தூங்கணும்."

கணையப் புற்றுநோயின் வலி வயிற்றின் நடுவில் ஆரம்பித்து முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் அதிகமாகும். தலையணையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தே பல வாரங்களாக இரவைக் கழித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மார்பின் மாத்திரை இருந்தது, கொடுக்கத்தான் பயம். மார்பின் ஆரம்பித்தால் கதை முடிந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மார்பின் உயிரை எடுப்பதில்லை, வலியைத்தான் எடுக்கிறது. சரியான அளவில், வலிக்காகக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவது மிக அரிது. சாதாரண மார்பின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும். அதனால்தான் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று எழுதிக் கொடுக்கிறோம். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால், வந்துவிட்ட வலியை அடக்க அதிக மருந்து வேண்டியிருக்கும். முதல் சில நாள் மயக்கமாகத் தூங்குவார்கள். பல வாரத் தூக்கம் பாக்கி இருக்கிறதே, தூங்கட்டும். ஆனால் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை, மூச்சு மிகவும் மெதுவாக ஓடுகிறது என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மாத்திரையையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். பல பேர் வீட்டில் மார்பினை நிறுத்துவது மலச்சிக்கலால்தான். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

இந்த மாத்திரை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல மருத்துவமனைகளே மார்பின் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கினார்கள். இன்றைக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் வாங்கலாம். அங்கே போய் வாங்கி வருவதற்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலையை நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை நேரத்தையும் குழுவில் போட்டுவைத்து, ஒவ்வொரு வேளை முடிந்ததும் ஒருவர் 'கொடுத்தாச்சு' என்று எழுதுவார். மூன்றாம் நாள் அவர் சாய்ந்து படுத்துத் தூங்கினார்.

திரட்டிய பணத்தில் காற்றுப் படுக்கை வாங்கினார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரும் மாறி மாறி இரவில் கூட இருந்தார்கள். பகலில் அதே வகுப்பில் படித்த பெண்கள் வந்தார்கள். அவர்கள் முதலில் செய்தது, அவர் மனைவியை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்துத் தூங்கச் சொன்னதுதான். புற்றுநோயாளி வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்கிற சொந்தக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை நான் போனபோது அந்த மளிகைக் கடைக்காரர் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போய்க் குழி விழுந்திருந்தது. பிளேடு வெட்டிவிடும் என்று மனைவி பல நாளாக முகத்தைத் தொடவில்லையாம். இவர் ஒரு விரலை அவர் வாய்க்குள் விட்டு, கன்னத்தை உள்ளிருந்து வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டு, நுரையை வழித்தெடுத்தார். திட்டிக்கொண்டேதான். பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர், வாடா போடா, கணக்கு வாத்தியார் கதை. பல மாதமாக எல்லோரும் அவரிடம் நோயாளியிடம் பேசுகிற குரலில்தான் பேசியிருக்கிறார்கள். கண்டக்டராக, அப்பாவாக, நோயாளியாக ஆவதற்கு முன்னால் அவர் யாராக இருந்தார் என்று தெரிந்தவர்கள் இவர்கள்தான். வேறு எந்தச் சொந்தத்தாலும் இதைக் கொடுக்க முடியாது.

அன்று சவரம் முடிந்ததும் அவர் கேட்டார், "டேய், எனக்கு இன்னும் எவ்வளவு நாள்டா?"

கூடப் படித்தவர்களிடம் இந்தக் கேள்வி வந்தே தீரும். மனைவியையும் பிள்ளைகளையும் கேட்டால் உடைந்துபோவார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் நண்பனிடம் கேட்பார். நம் ஆட்கள் உடனே, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அடுத்த வருஷம் கெட்-டுகெதர் உன் தலைமையிலதான்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த வார்த்தையோடு பேச்சு செத்துவிடும். நாள் கணக்கு சொல்லவும் வேண்டாம், அது எங்களுக்கே சரியாகத் தெரியாது. "ஏன்டா கேக்குற? உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டு, சும்மா உட்காருங்கள். அவசரப்பட்டு எதையும் சொல்லி நிரப்ப வேண்டாம். அவரே பேசுவார். இப்படிக் கேட்பது எப்படி என்று நான் அந்த நண்பர்களுக்கு முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன்.

பேசினார். பேங்க் கணக்கில் நாமினியாக இன்னும் இறந்துபோன அம்மா பெயரே இருப்பதைச் சொன்னார். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பியைப் பற்றிச் சொன்னார். நண்பர்கள் போய்த் தம்பியை அழைத்து வந்தார்கள். தம்பி வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். இவர் உள்ளேயிருந்து, "போர்ல தண்ணி வருதாடா?" என்று கேட்டார். கிணறு, மோட்டார், தென்னங்கன்று என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிரவு அவர் மனைவியிடமும், பார்க்க வந்திருந்த மகளிடமும் தனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து அழுதார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவது தவறு என்று நான் சொல்லவில்லை. குணமாகிற புற்றுநோய்க்கும், மருந்தால் வருடக்கணக்கில் கட்டுப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கும் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். ரிப்போர்ட்டைக் காட்டி இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் நல்லதுதான். அதற்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆதரவு சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து நன்றாக வாழ்ந்தார்கள். கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சை குறைவாகத்தான் பெற்றார்கள், ஆனாலும் சராசரியாக 11.6 மாதம் இருந்தார்கள். மற்றவர்கள் 8.9 மாதம். நோய் பரவிவிட்டது என்று தெரிந்த அன்றே எங்களிடம் வந்துவிடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் வைத்தியங்கள் இன்னொரு தொல்லை. முள் சீத்தா இலை, நித்திய கல்யாணிக் கஷாயம் என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நித்திய கல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறோம். செடியைப் பிடுங்கிக் கொதிக்க வைத்தால் எவ்வளவு விஷம் உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தயவுசெய்து வேண்டாம்.

இரவில் கூட இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக முதுகுவலி வந்து, கால் வலுவிழந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புற்று முதுகுத்தண்டை அழுத்துவதாக இருக்கலாம். உடனே மருத்துவம் பார்த்தால் காலைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. புண்ணில் நாற்றம் இருந்தாலும் சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் பெரிதும் அடங்கும். நாற்றத்துக்குப் பயந்து பேரப்பிள்ளைகளைக்கூடப் பக்கத்தில் விடாமல் இருந்த ஒரு பாட்டி, இதைச் செய்த பிறகு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசி நாட்களில் பசி போய்விடும். சாப்பிடாததால் உடம்பு அடங்குவதில்லை, அடங்குவதால்தான் சாப்பாடு வேண்டாம் என்கிறது. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள், அந்த நிலையில் அது பெரும்பாலும் கால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் சேரும். வாயை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்து உதட்டில் வெண்ணெய் தடவுங்கள், அதுவே ஆறுதல். உறவினர் வரிசையாக வந்து பால் ஊற்றுவது நம் வழக்கம். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கரண்டியில் ஊற்றாமல், பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள். மூச்சுத் திணறலுக்கு முகத்தில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தாலே கொஞ்சம் அடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கிற நமக்குத்தான் அது கஷ்டம், அநேகமாக அவருக்குத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இதெல்லாம் தெரியாத வீட்டில், கடைசி மணி நேரத்தில் பதறிப்போய் 108-ஐக் கூப்பிட்டு, ஐசியூவில் சேர்த்து, வென்டிலேட்டர் மாட்டிவிடுகிறார்கள். அது வேண்டாம் என்றால் முன்னாலேயே எழுதி வைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு இடம் கொடுத்தது, 2023-இல் நடைமுறையைச் சுலபமாக்கியது. நோயாளி நல்ல நினைவோடு இருக்கும்போது, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தைச் சேராத சாட்சிக்கும் நண்பர்கள் பொருத்தமானவர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ போய் நோய் ஆதரவு சிகிச்சை என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். 104 மருத்துவ உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த அமைப்பு, பிற்பாடு ஊர் ஊராகச் சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தொண்டர்களாக்கி வளர்ந்தது. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டுப் பெண்கள் எல்லாம் நோயாளிகளைப் பார்க்கப் போனார்கள். நம் ஊரில் ஒவ்வொரு பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் அப்படி ஆகலாம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். உங்கள் குழு ஒருநாள் பயிற்சி கேட்டால் எந்த ஆதரவு சிகிச்சைக்காரரும் மறுக்க மாட்டார்.

நண்பர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கருமாதி வரைக்கும் வீடு நிறைய ஆள் இருக்கும். இரண்டாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், பேங்க் என்று அந்த அம்மா அலையப்போவது அப்போதுதான். யார் எந்த ஆபீசுக்குக் கூடப் போவது என்று இப்போதே குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.